அலுவலகத்தைத் திறக்கும் முன்: எதில் பணம் போடுவது, எதை விடுவது

கொரோனாவுக்குப் பிறகு ஆட்களைத் திரும்ப அழைத்தபோது பெரும்பாலான அலுவலகங்கள் முதலில் வாங்கியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்ட், மேசைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு, வாரம் ஒருமுறை மருந்து தெளிக்க ஓர் ஆள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஏற்பாடுகள்; வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியமும் கொடுத்தன. நோயோ பெரும்பாலும் மூச்சுக்காற்றில் பரவியது. மூடிய அறையில் எட்டு மணி நேரம் பலரும் ஒரே காற்றைச் சுவாசிப்பது ஒன்று. உடம்பு முடியாதவர் சம்பளம் போய்விடுமே என்று வேலைக்கு வந்துவிடுவது இன்னொன்று. அலுவலகத்துக்குள் நோய் பரவ இந்த இரண்டும்தான் பெரிய காரணங்கள். இன்னொரு மூச்சுவழித் தொற்று வந்து தணியும்போது எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதை இவற்றை வைத்தே எடைபோடுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது சென்னையில் எங்கும் பார்க்கிற நடுத்தர அலுவலகம்: வாடகைக் கட்டடத்தில் ஒரு தளம், முப்பது நாற்பது பேர், ஸ்ப்ளிட் ஏசி, திறந்தே பல காலமான சன்னல்கள்.

துடைப்பதா, காற்றை மாற்றுவதா

2020 மார்ச்சில் சியோல் நகரத்தின் 19 மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய கால் சென்டரில் தொற்று பரவியது. 11ஆவது மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்கு நோய். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். லிஃப்டும் முகப்புக் கூடமும் கட்டடத்தில் எல்லோருக்கும் பொது. இருந்தும் மற்ற மாடிகளில் விரல்விட்டு எண்ணுமளவுக்கே பாதிப்பு. லிஃப்ட் பொத்தானும் கதவுக் கைப்பிடியும்தான் முக்கிய வழி என்றால் கட்டடம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியதுதான் வினையானது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும், கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது.

ஆகவே மேசை துடைப்பதும் கை கழுவுவதும் எப்போதும்போல் நடக்கட்டும். சோப்பும் தண்ணீரும் போதும். மருந்துப் புகை போடுவதற்கும் ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் கூண்டுகளுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் அப்படியொரு சுரங்கப்பாதை அமைத்தார்கள். மற்ற ஊர்களும் பின்பற்றின. ஆட்கள் மேல் தெளிப்பது தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல், பயனும் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகமே அதே மாதம் எச்சரித்தது.

மிச்சமாகும் பணம் காற்றுக்குப் போகட்டும். இங்கே பலரும் தவறவிடுகிற விஷயம், ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. ஒருவர் இருமினால் அது அந்த அறைக்குள்ளேயேதான் சுற்றும். 2021 மே மாதம் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரை, சன்னலை மூடி ஏசி போடுவதன் ஆபத்தை வெளிப்படையாகவே சொன்னது.

முதல் வழி சன்னலையும் கதவையும் திறந்து ஃபேன் போட்டுக்கொள்வது. செலவே இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னையில் இது தாராளமாக நடக்கும். மே மாதத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், இரண்டாம் நாளே சன்னல் மூடிவிடும். அடுத்த வழி ஏசியை ஓடவிட்டபடி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, சன்னலை நான்கு விரல் இடைவெளிக்குத் திறந்து வைப்பது. மின்கட்டணம் ஏறும், ஆனால் வருஷம் முழுக்க நிலைக்கிற ஏற்பாடு இதுதான், என் முதல் தேர்வும் இதுவே. எக்ஸாஸ்ட் ஃபேனைச் சன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும். அறையின் மறுகோடி தேங்கியே கிடக்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு மேசையருகிலும் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே சுற்றிச் சுற்றி நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சன்னலே இல்லாத உள்ளறை என்றால் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான். இதில் ஏமாறுவது சுலபம். மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று மாற வேண்டும் என்பது அமெரிக்க மையம் 2023இல் சொன்ன இலக்கு. 1,000 சதுர அடி, பத்தடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 10,000 கன அடி. மணிக்கு 50,000 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,400 கன மீட்டர் சுத்தமான காற்று வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு விற்கிற கருவி மணிக்கு 350 கன மீட்டர் தருவதாக இருந்தால் நான்கு தேவை. பெட்டியில் சிஏடிஆர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வாங்குங்கள். அயனி, ஓசோன் வெளிவிடும் மாதிரிகள் வேண்டாம். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

ஓஎம்ஆர் பக்கத்துக் கண்ணாடிக் கோபுரங்களில் இருப்பவர்களுக்குச் சன்னல் திறக்கும் பேச்சே இல்லை. கட்டட நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வெளிக்காற்று வரும் வழி எவ்வளவு திறந்திருக்கிறது, மத்திய ஏசியில் மெர்வ் 13 தர வடிகட்டி போட முடியுமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் மீட்டர் ஒன்று வேண்டும். சில ஆயிரம் ரூபாய்தான். வெளியே ஏறத்தாழ 420 பிபிஎம் இருக்கும். அறையில் 800க்குள் நின்றால் நல்லது. 1,500ஐத் தாண்டினால் அடுத்தவர் விட்ட மூச்சைத்தான் எல்லோரும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்திகரிப்பான் இந்த வாயுவைக் குறைக்காது, கிருமியைத்தான் பிடிக்கும். எனவே அது ஓடும் அறையில் எண் உயர்ந்திருந்தாலும் ஆபத்து அதே அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மீட்டரை மேலாளர் அறையில் வைக்காமல், ஆட்கள் நெருக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த இடம் என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களிலும் தேங்கிய தண்ணீரை ஓடவிட வேண்டும். தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற, நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா வளரும். ஏசி வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவுங்கள்.

எல்லோரையுமா, பாதிப் பேரையா

2020 மே மாதம் தமிழக அரசு அலுவலகங்கள் பாதிப் பேரோடு, வாரம் ஆறு நாள், சுழற்சி முறையில் இயங்கின. தனியாரும் பின்பற்றினார்கள். ஆனால் பாதிப் பேர் என்பதிலேயே இரண்டு விதம் உண்டு. இன்றைக்கு யாருக்கு வசதியோ அவர்கள் வரட்டும் என்று விடுவது ஒன்று. ஆட்களை இரண்டு நிலையான அணிகளாகப் பிரித்து, ஓர் அணி மற்றதை நேரில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதில் கூட்டம் மட்டும் குறையும். இரண்டு வாரத்தில் எல்லோரும் எல்லோருடனும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு நோய் வந்தால் மொத்த அலுவலகமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிலையான அணி என்றால் பாதி அலுவலகம் தப்பும். சம்பளக் கணக்கு, சர்வர் பராமரிப்பு போன்ற ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டு அணியிலும் ஒரு ஆள் இருக்கும்படி பிரிப்பதில்தான் சாமர்த்தியம்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஊரி ஆலோன் குழு 2020இல் முன்வைத்த யோசனை இன்னும் ஒரு படி மேலே போகிறது: நான்கு நாள் வேலைத்தலத்தில், அடுத்த பத்து நாள் வீட்டில். நோய் தொற்றியவர் பிறருக்குப் பரப்பும் நாட்களில் பெரும்பாலும் வீட்டில் இருப்பார் என்பது கணக்கு. தொற்று இன்னும் கணிசமாக இருக்கும் மாதங்களில் இது நல்ல தேர்வு. நன்றாகத் தணிந்த பிறகு வாரம் மாறி வாரம் போதும். ஒரே நாளில் எல்லோரையும் அழைப்பதை, மேலே சொன்ன காற்று ஏற்பாடு முடிந்து, மீட்டர் ஒரு முழு வாரம் ஒழுங்காகக் காட்டிய பிறகு யோசியுங்கள்.

கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், வீட்டில் அப்படி யாரையாவது பார்த்துக்கொள்பவர்கள் கடைசியாக வரட்டும். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லவைக்காதீர்கள்.

வழியிலும் சாப்பாட்டு நேரத்திலும்

அலுவலகத்தில் அத்தனையும் செய்துவிட்டு, நான்கு பேரை மூடிய ஏசி கேப்பில் தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற்றிவந்தால் பயன் கொஞ்சம்தான். கேப் வைப்பதா, வருகை நேரத்தை மாற்றுவதா என்று கேட்டால், நேரத்தை மாற்றுவதையே சொல்வேன். பத்தரைக்கு வரச் சொன்னால் மாநகரப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் நெரிசல் குறைவு, செலவும் இல்லை. இரவுப் பணிக்குக் கேப் தவிர்க்க முடியாது. அப்போது சன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், டிரைவரும் மாஸ்க் போடட்டும், ஒரே அணியினர் மட்டும் ஒரு வண்டியில் ஏறட்டும்.

சாப்பாடு மொட்டைமாடியில், நிழலில். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்துப் பேசும் அந்த அரை மணிக்கு மூடிய பேன்ட்ரியைவிட மோசமான இடம் கிடையாது.

மாஸ்க்கில் துணியைவிட சர்ஜிக்கல் மேல், சர்ஜிக்கலைவிட முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மேல். வால்வு வைத்தது வேண்டாம். அது போட்டிருப்பவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும்.

வெப்பமானியா, விடுப்பா

கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பலர் நோயைப் பரப்பினார்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருகிறவரையும் வெப்பமானி விட்டுவிடும். ரேபிட் ஆன்டிஜென் சோதனை அதைவிட நல்லது, ஆனால் நெகட்டிவ் வந்துவிட்டது என்பதற்காக இருமிக்கொண்டிருப்பவரை உட்காரவைக்கக் கூடாது. தொண்டை கரகரப்பு என்ற உடனே கேள்வி கேட்காமல் வீட்டில் இருக்கச் சொல்லும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. ஒருமுறை தனிமையில் இருந்தாலே அதில் பாதி தீர்ந்துவிடும். அதனால் தொற்று விடுப்பைத் தனிக் கணக்கில் வையுங்கள், முதல் மூன்று நாளுக்கு மருத்துவச் சான்று கேட்காதீர்கள்.

தடுப்பூசிக்கும் இதே வழிதான். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஊசி போடும் நாளுக்கும், காய்ச்சல் வரக்கூடிய மறுநாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் பெரும்பாலோர் தாமாகவே போவார்கள்.

இந்த விடுப்பு யாருக்கு என்பதில்தான் நிறைய அலுவலகங்கள் கோட்டைவிடுகின்றன. ஹவுஸ்கீப்பிங் அக்கா, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன், டீ கொண்டுவரும் தம்பி மூவரும் ஒப்பந்ததாரர் ஆட்கள். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. இஎஸ்ஐ இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை எழுபது சதவீத ஊதியம் கிடைக்கும். ஆனால் மாத வாடகை அந்தப் பணம் வரும்வரை காத்திருக்காது. காய்ச்சலோடு வந்து எல்லா மேசையையும் துடைத்து, எல்லா அறையிலும் நின்று பேசுகிறவர்களும் இவர்கள்தான். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு, நோயால் வராத நாளுக்கு முழுக் கூலி, அதை அலுவலகம் கொடுக்கும், அந்தத் தொகை தொழிலாளியின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும், மாற்று ஆளுக்கான கூலி தனி என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். திறக்கும் தேதியை அதன் பிறகு அறிவிக்கலாம்.