உடலுக்குள் ஒரு காவல் பூச்சு

தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டைப் பொருத்துவது இன்று வழக்கமான அறுவைச் சிகிச்சையாகிவிட்டது. இதற்கு டைட்டானியம் என்னும் உலோகம் பெரிதும் பயன்படுகிறது. எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைந்துகொள்வதைச் சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க் 1952ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

ஆயினும், பொருத்திய உலோகத்தின்மேல் முதலில் குடியேறுவது உடலின் உயிரணுக்களா, பாக்டீரியாக்களா? பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டால், தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலத்தை உருவாக்கிக்கொள்ளும். மருந்துகளால் அவற்றை எளிதில் அழிக்க முடியாது. சில வேளைகளில், பொருத்திய மூட்டையே மீண்டும் அகற்ற நேரிடும்.

இதனைத் தவிர்க்கவே உலோகத்தின்மேல் மெல்லிய பூச்சு பூசப்படுகிறது. பூச்சில் கலந்துள்ள வெள்ளியிலிருந்து வெளிப்படும் அயனிகள் பாக்டீரியாக்களைக் கொல்கின்றன. ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ? வெள்ளி மிகுந்தால் உடலின் உயிரணுக்களும் பாதிக்கப்படும். ஆகவே, எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டோடு சிறிதளவு வெள்ளியைச் சேர்த்தும் பூச்சுகள் உருவாக்கப்படுகின்றன.

ஒரே பூச்சு கிருமிகளைத் தடுக்கவும் வேண்டும். எலும்பு வளர இடமளிக்கவும் வேண்டும். இதுவே ஆய்வாளர்கள் முன்னுள்ள சவாலாகும்.