எந்தப் பிரிவு, எந்தத் தேதி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரும்புலியூரில் என் வீட்டு மாடிக்கு இரண்டு மூன்று ஜூனியர்கள் வருவார்கள். மத்திய அரசின் வக்கீல் பேனலில் புதிதாகப் பெயர் ஏறியவர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். போன மாதம் அவர்களில் ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகக் குடியுரிமை ரத்து வழக்கு ஒன்று வந்தது. "சார், இதுக்குன்னு தனியா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து யோசித்து எழுதியது இது. எண் போட்டிருப்பது முக்கியத்துவத்துக்காக இல்லை. கோர்ட்டு வராந்தாவில் "அந்த மூணாவதைப் பாரு" என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. வழக்குக் கட்டைப் பிரித்ததும் எந்தப் பிரிவு என்று பாருங்கள். குடியுரிமை போய்விட்டது என்று ஊர் ஒரே வார்த்தையில் சொல்லும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் அது போவதற்கு மூன்று வழி உண்டு. எட்டாம் பிரிவு, தானே எழுதிக் கொடுத்துத் துறப்பது. ஒன்பதாம் பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால் இங்குள்ளது தானாகவே அற்றுப்போவது. பத்தாம் பிரிவு, அரசு பறிப்பது. இவை போக, "இவர் குடிமகனாகவே இருந்ததில்லை, வெளிநாட்டவர்" என்பது முற்றிலும் வேறு சட்டம். அங்கே தான் வெளிநாட்டவர் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அவர் தலையில். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி இருந்தது. 2025-இல் வந்த புதுச் சட்டத்திலும் அப்படியே. பத்தாம் பிரிவில் குற்றம் சொல்வது நாம், காட்ட வேண்டியதும் நாம். இந்த இரண்டையும் குழப்பி எழுதிய கவுண்டர் அஃபிடவிட்டுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றிரண்டு நானே எழுதியது.

பிரிவு எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குச் சிங்கப்பூரில் பிறந்த ஒரு தமிழ் இளைஞரின் வழக்கைப் படியுங்கள். தாய் வயிற்றில் அவர் இருக்கும்போதே, 1998 டிசம்பரில், பெற்றோர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். வயது வந்ததும் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டார். நம் ஹைகோர்ட்டில் தனி நீதிபதியும் டிவிஷன் பெஞ்சும் அவர் பக்கம் நின்றார்கள். 2024 அக்டோபர் 18 அன்று சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. திரும்பக் கேட்கும் உரிமை எட்டாம் பிரிவில் துறந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான். இவருடைய பெற்றோருக்குப் போனது ஒன்பதாம் பிரிவில். வழக்கே அவ்வளவுதான்.

2. பத்தாம் பிரிவு எல்லோரையும் தொடாது. இங்கே பிறந்ததால் குடிமகன் ஆனவரிடம் அது செல்லாது. பதிவு செய்தோ விண்ணப்பித்தோ பெற்றவர்களையும், அரசியல் சாசனம் அமலான காலத்து ஒரு சிறு பிரிவினரையும் மட்டுமே தொடும். ஆகவே பிறந்த தேதியும் பிறந்த ஊரும்தான் உங்கள் முதல் இரண்டு கேள்வி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவருக்கு, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் பொதுவாகப் பிறப்பே போதும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், இலங்கைத் தமிழ் அகதிகளின் மகள், பாஸ்போர்ட் கேட்டு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவர் பக்கம் உத்தரவு வந்தது. 2024-இல் ஓட்டும் போட்டார். சட்டத்தில் புதிதாக எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தேதி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்திலேயே இருந்தது. இதுபோல ஒரு கட்டு உங்கள் மேசைக்கு வந்தால், எதிர்த்தரப்பு சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

3. பொய் சொன்னார் என்று காட்டுவது பாதி வேலை. மீதிப் பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இதில் நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டியது தெலங்கானாவின் சென்னமனேனி ரமேஷ் வழக்கு. ஜெர்மன் குடியுரிமை பெற்றிருந்தவர். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் இந்தியாவிலேயே இருந்ததாகச் சொல்லி 2009-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு வேமுலவாடா தொகுதியின் எம்.எல்.ஏ. அந்த 12 மாதக் கணக்கு பொய் என்பது புகார். 2017-இல் உள்துறை ரத்து செய்தது. 2019 ஜூலையில் ஹைகோர்ட்டு அந்த ரத்தையே ரத்து செய்தது. காரணம், பத்தாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. மோசடி நிரூபணமானாலும் போதாது. இந்த மனிதர் குடிமகனாகத் தொடர்வது பொது நன்மைக்கு உகந்ததல்ல என்று அரசு தனியாக மனம் செலுத்தித் திருப்தி அடைய வேண்டும். அந்த உத்தரவில் அது இல்லை. 2019 நவம்பரில் அதையும் சேர்த்து எழுதி மறுபடி ரத்து செய்தார்கள். 2024 டிசம்பர் 9 அன்று ஹைகோர்ட்டு அதை உறுதி செய்து, 30 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. இடையிலும் அவர் ஜெர்மன் பாஸ்போர்ட்டிலேயே பயணம் செய்துகொண்டிருந்தது அவருக்கு எதிராகப் பேசியது.

2017 உத்தரவில் அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் வழக்கு ஒரு சுற்று முன்னதாகவே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். உத்தரவின் வரைவு உங்கள் பார்வைக்கு வந்தால் முதலில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். நோட்டீஸ் போனதா, விசாரணைக் குழு கேட்கலாம் என்று அதில் சொல்லியிருக்கிறதா என்று அடுத்தபடியாகப் பாருங்கள். தொடர்ந்து ஏழாண்டு வெளிநாட்டு வாசம் என்ற காரணம் தவிர மற்ற எதற்கும், அவர் கேட்டால் குழு வைத்தே தீர வேண்டும். குழுத் தலைவர் பத்தாண்டாவது நீதித்துறைப் பதவியில் இருந்தவராக இருக்க வேண்டும். நம் நாட்டில் இந்த வழக்கின் உண்மையான விசாரணை அந்தக் குழு முன்னால்தான். ஹைகோர்ட்டுக்கு வரும்போது நடந்ததைச் சரிபார்க்கிறார்கள், அவ்வளவே.

இன்னொன்று. சட்டம் சொல்வது மோசடி, பொய்க் கூற்று, முக்கியமான உண்மையை மறைப்பது, இவற்றின் வழியாகப் பெற்ற குடியுரிமையை. எல்லாப் பொய்யும் அதில் அடங்காது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் 2017-இல், மஸ்லென்யாக் என்ற போஸ்னியப் பெண்ணின் வழக்கில், சொன்ன பொய்க்கும் கிடைத்த குடியுரிமைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. நம்மைக் கட்டாது. ஆனாலும் எதிர்த்தரப்பு அதை மேசையில் வைக்கும்போது விழிக்கக் கூடாது.

4. பாஸ்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் போதாது, அசலை வரவழைத்துச் சன்னல் பக்கம் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு முத்திரை மேல் இன்னொன்று குத்தியிருப்பார்கள். மை மங்கி, 3 எது 8 எது என்று தெரியாது. சில நாடுகளில் மாதத்தை முன்னால் போடுவார்கள், 05.06 என்பது ஜூன் ஐந்தா, மே ஆறா? ஒரு தாளில் கட்டம் போட்டுப் போன தேதி, வந்த தேதி, ஊர், பக்க எண் என்று நிரப்புங்கள். ஒரு நாட்டை விட்ட முத்திரைக்கு அடுத்த நாட்டு முத்திரை ஜோடி சேர வேண்டும். சேராத இடத்தில் ஒரு பக்கம் கிழிந்திருக்கலாம், இன்னொரு பாஸ்போர்ட்டும் இருக்கலாம். இந்தக் கட்டத்தாளை நீதிபதியிடம் நீட்டினால் அரைமணி வாதம் மிச்சம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியதே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கியதற்கு முடிவான சான்று என்ற விதியை 1962-இல் இஜார் அகமது கான் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. அதைப் படித்துவிட்டு ஜூனியர்கள் துள்ளுவார்கள். 1965-இல் வந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முகமது அயூப் கான் எதிர் சென்னை போலீஸ் கமிஷனர். நம் ஊர் வழக்கு. நானாக விரும்பி வாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டு விசாரித்து முடிவு செய்த பிறகுதான் அந்த விதி பேசும். வெளியேறு என்று கையில் உத்தரவைக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

5. எழுத்துப் பிழையை மோசடி என்று எழுதாதீர்கள். இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் காகிதங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு நீலகிரிக்கும் இன்ன பிற ஊர்களுக்கும் போனார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, இந்திய பாஸ்போர்ட்டில் ஏறியது ஒன்று, இங்கே ரேஷன் கார்டில் விழுந்தது மற்றொன்று.

அப்படி ஒரு அம்மா. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், ரேஷன் கார்டில் புருஷன் பெயர் பின்னால். வயதில் நாலு வருஷ வித்தியாசம். ஆள் மாறாட்டம் என்று ஓர் அலுவலகம் முடிவு கட்டிக் கட்டை எனக்கு அனுப்பியது. கோர்ட்டு ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எந்த ஊரும்மா?" என்றேன். "தலவாக்கலைங்க" என்றார். "எப்பப் பொறந்தீங்க?" "மழைக்காலத்துலன்னு அம்மா சொல்லும்." மஞ்சள் பையிலிருந்து நைந்துபோன அட்டையை எடுத்தார், புகைப்படத்தில் எட்டு வயதுப் பெண், வலப் புருவத்தில் தழும்பு. தழும்பு எதிரே அப்படியே இருந்தது. உள்ளே போய், இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வாங்க இரண்டு வாரம் வேண்டும் என்று வாய்தா கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் துறைக்கு நான் எழுதியது ஒரே பக்கம்.

2024 ஜூலை 11 அன்று, அஸ்ஸாம் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதையே சொன்னது: ஊர்ப் பெயரிலும் தேதியிலும் வரும் சிறு வித்தியாசத்துக்காக ஒருவரை வெளிநாட்டவர் ஆக்க முடியாது, கையில் சரக்கில்லாமல் சந்தேகம் என்று மட்டும் சொல்லிக் கதவைத் தட்டவும் முடியாது. பாரம் அவர் மேல் இருக்கும் சட்டத்திலேயே இந்த நிலை. பாரம் நம் மேல் இருக்கும் பத்தாம் பிரிவில் கேட்கவே வேண்டாம்.

6. துறைக்கு 'நிற்காது' என்று எழுதப் பழகுங்கள். கோபப்படுவார்கள். அடுத்த கட்டு வேறு வக்கீலுக்குப் போகும். எனக்கும் அப்படி நடந்தது. அதைப் பற்றி இந்த மாடியில் நிறையப் புலம்பியாகிவிட்டது.

7. "ரத்தானால் இவர் எங்கே போவார்?" நீதிபதி கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும். ரமேஷ் கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. தலவாக்கலை அம்மாவுக்கு ஏதுமில்லை. பொது நன்மை என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்வியும் இருக்கிறது என்றே நான் வாதாடுவேன், அரசுத் தரப்பில் நின்றாலும்.

8. எதிரில் இருப்பவரைத் துரோகி, ஊடுருவல்காரர் என்றெல்லாம் கவுண்டரில் எழுதாதீர்கள். தேதியை எழுதுங்கள்.

9. அசல் ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். செல்போன் வராத காலம். பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறி, பையை மேலே வைத்துவிட்டு, தாம்பரத்தில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிவிட்டேன். பையில் ஒருவருடைய அசல் பாஸ்போர்ட். அடுத்த வண்டி பிடித்துச் செங்கல்பட்டு போனால், வேர்க்கடலை விற்கும் ஒரு பெண்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பார்த்திருக்கிறார். "இதுல இருக்கற போட்டோ உங்களுது இல்லியே?" என்றார். வக்கீல் என்றேன். "அதுக்கு என்ன அத்தாட்சி?" சீசன் டிக்கெட்டின் அடையாள அட்டையை நீட்டினேன். ஸ்டேஷன் ஊழியர் அதையும் கட்டின் மேலட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அட்டையில் என் இனிஷியல் ஒன்று. என் குமாஸ்தா கட்டின் மேல் எழுதியிருந்தது இரண்டு. "எது சார் சரி?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் ஆனது.

அதற்கப்புறம் எந்த அசலும் என் ஆபீஸ் பீரோவைத் தாண்டியதில்லை.