கடனா, மானியமா?

அன்புள்ள இனியாவுக்கு,

2024 நவம்பரில் பாகு நகரில் நடந்த காலநிலை மாநாட்டைப் பற்றிப் படித்தாயாம். 2035-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் கிடைக்கச் செய்வதாக முடிவாகியிருக்கிறதே, பிறகும் ஏன் குறை சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். தொகையைப் பார்த்து மலைத்துவிடாதே. அந்தப் பணம் எந்த வடிவில் வருகிறது, எதற்குப் போகிறது, யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று மூன்றையும் பார். வங்கதேசத்தை வைத்து விளக்குகிறேன்.

1970 நவம்பரில், அது இன்னும் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, போலா புயல் தாக்கியது. இறந்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது வங்கதேசத்தில் இறந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு. எல்லாப் புயலும் ஒரே வலுவோடு வருவதில்லைதான். ஆனாலும் ஆம்பனுக்கு முன்பே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஏற்பாடு 1970-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. இன்று 70,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஆபத்து கூடக் கூட ஊரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகள் ஏறும். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். தூண்கள் மேல் உயரமாக நிற்கும் புயல் பாதுகாப்பு மையம் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இருக்கும்.

கட்டடம் இருந்தால் மட்டும் போதாது என்பதை 1991 புயல் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட அந்தப் புயலில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் மிக அதிகம். ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரே கூடத்தில், தனிக் கழிப்பறைகூட இல்லாத இடத்தில் போய் இருக்கப் பெண்கள் தயங்கினார்கள். வீட்டின் ஒரே சொத்தான மாட்டை விட்டுவிட்டு வரவும் பலருக்கு மனமில்லை. பின்னால் கட்டிய மையங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வைத்தார்கள். மாடு ஏறிவரச் சாய்தளம் போட்டார்கள். தகவமைப்பு என்று அறிக்கைகளில் படிக்கிறாயே, அது இதுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். உலகம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் வங்கதேசத்தின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் புயலும் நிலத்தில் ஏறும் கடல் உப்பும் தாக்குவது அதைத்தான். 2009-இல் கோபன்ஹேகனில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்த இலக்கு 2022-இல்தான் எட்டப்பட்டது. அந்த ஆண்டு அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கடன். பக்கத்து வீட்டுக்காரன் கொளுத்திய குப்பையில் உன் வீட்டுக் கூரை பற்றிக்கொள்கிறது. புதுக் கூரை போட அவனே கடன் கொடுத்துவிட்டு, அதற்கு உதவி என்று பெயரும் வைக்கிறான். இதுதான் முதல் கேள்வி: கடனா, மானியமா?

இரண்டாவது, எதற்கு? 2022-இல் வந்த மொத்தத்தில் தகவமைப்புக்குப் போனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் எளிது. சூரிய மின்நிலையம் கட்டினால் மின்கட்டணம் வரும், போட்ட பணத்தைத் திருப்பி எடுக்கலாம். புயல் மையமும் கரைத்தடுப்பும் உயிரைக் காக்குமே தவிர, வருமானம் தராது. அதனால் தனியார் முதலீடு அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வேலைக்கு மானியம்தான் பொருத்தம்.

மூன்றாவது, யாருக்கு? 2009-இல் ஐலா புயல் வங்கதேசத்தின் தென்மேற்குக் கரைகளை உடைத்தது. குல்னா, சாத்கிரா மாவட்டங்களின் வயல்களிலும் குளங்களிலும் கடல்நீர் புகுந்து நின்றது. ஏற்கெனவே இறால் பண்ணைகளால் உவர்ந்துகொண்டிருந்த மண் அது. குடிநீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பது பெண்களின் தலையில் விழுந்தது. அங்கே மழைநீர்த் தொட்டிகள் அமைக்கும் திட்டத்துக்குத் தென்கொரியாவிலிருந்து இயங்கும் பசுமைக் காலநிலை நிதியம் 2018-இல்தான் ஒப்புதல் கொடுத்தது. ஐலா வந்து அதற்குள் ஒன்பது ஆண்டுகள். ஒரு கிராமம் நேராக அந்த நிதியத்தின் கதவைத் தட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றின் வழியாகவே போக வேண்டும். ஆய்வறிக்கைகள், திருத்தங்கள் என்று காலம் ஓடும்.

வங்கதேசம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் இல்லை. சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே 2009-10 முதல் காலநிலை நிதி ஒன்றை ஒதுக்கியது. அதில் அரசியல் செல்வாக்கும் முறைகேடும் புகுந்தன என்ற குற்றச்சாட்டு அந்நாட்டுக்குள்ளேயே உண்டு. ஆகவே மூன்றாவது கேள்வியைக் கொடுப்பவரிடம் மட்டுமல்ல, வாங்குகிற அரசிடமும் கேட்க வேண்டும்.

இனி பாகு முடிவைப் படித்துப் பார். அந்த 30,000 கோடியில் கடனும் தனியார் முதலீடும் சேரலாம். மானியம் எவ்வளவு, தகவமைப்புக்கு எவ்வளவு என்று தனித்தனி இலக்கு எதுவும் இல்லை. தொகையே மிகக் குறைவு என்று அந்த அரங்கிலேயே இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது.

நீ பொருளாதாரம் படிக்கிறவள். அடுத்த மாநாட்டில் எவ்வளவு பெரிய தொகையை அறிவித்தாலும், இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை கை தட்டாதே.

அன்புடன்,
பெரியப்பா