பியரில் மதுசாரம் எவ்வளவு? இரண்டு வாசிப்புகளில் விடை

கண்டி நகரின் பியர்க் கடை ஒன்றில் கைப்பம்பால் இறைத்து ஊற்றிய லயன் ஸ்டவுட்டைப் பற்றி வெளியுலகுக்கு எழுதியவர் பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன். நுவரெலியாவில் 1881இல் வணிகத்தைத் தொடங்கிய ஆலையின் வழிவந்த பியர் அது. இன்று அதன் போத்தலில் 8.8% என்று அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டில் பியர் காய்ச்சுபவர் அந்த எண்ணைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு ஒரு வரிதான். தவறுகள் நேர்வது அளவெடுக்கும்போது.

முதலில் சட்டம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். பிரித்தானியாவிலோ, வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சுவோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. ஆகவே லண்டனில் குடியேறிய கண்டிக்காரர் பியரிலேயே இதைச் செய்யலாம். கண்டியில் இருப்பவர் சீனித் தண்ணீரில் பழகிக்கொள்ளலாம்.

தேவையானது நீரமானி எனப்படும் ஹைட்ரோமீட்டர், உயரமான ஒடுங்கிய குவளை, வெப்பமானி. பால் சேகரிப்பு நிலையங்களில் பாலில் மிதக்கவிடும் லக்டோமீட்டரும் இதே இனம்தான். கருவியைச் சோதிக்க, 100 கிராம் சீனியைக் கரைத்து, மொத்தக் கரைசல் 1 லீற்றர் வரும்வரை நீர் சேருங்கள். நீரமானி ஏறத்தாழ 1.038இல் நின்றால் கருவியும் கையும் சரி.

சீனி கரைந்த நீர் கனமானது. மதுவம் அந்தச் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கிறது. வாயு வெளியேறிவிடும், மதுசாரமோ நீரைவிட இலேசானது. அதனால் நீரமானி காட்டும் எண், அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியான சாரடர்த்தி, இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால் மதுசாரத்தின் அளவும் தெரியும்.

முதல் வாசிப்பை மதுவம் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். மோல்ட் பாகில் நீர் சேர்த்துக் காய்ச்சுபவர்கள் நன்றாகக் கலக்காமல் அளந்துவிடுகிறார்கள். பாகு அடியில் தங்கிவிட, மேலே எடுத்த சாறு மெலிந்து காட்டும். எனவே அடியிலிருந்து கலக்கி, கொதிநீரில் கழுவிய அகப்பையால் குவளைக்கு எடுங்கள். நீரமானியை இறக்கி இலேசாகச் சுழற்றினால் ஒட்டிய குமிழிகள் விலகும். கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, வளைந்து நிற்கும் மேற்பரப்பின் அடிக்கோட்டைப் படியுங்கள். உடனே எழுதி வையுங்கள். அளந்த சாற்றைத் திரும்ப ஊற்றக்கூடாது, கிருமி புகும்.

கண்டியின் வெப்பநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல நீரமானிகள் 20 பாகை செல்சியஸுக்கு அளவிட்டவை, சில 15.6 பாகைக்கு. எது என்று கருவியிலேயே எழுதியிருக்கும். 20 பாகைக் கருவியால் 25 பாகையில் அளந்தால் 0.001ஐயும், 30 பாகையில் அளந்தால் ஏறத்தாழ 0.003ஐயும் கூட்ட வேண்டும். கொதிக்கும் சாற்றில் கருவியை இறக்கவே வேண்டாம்.

இரண்டாம் வாசிப்பு நொதித்தல் முடிந்த பிறகு. குமிழி நின்றதை மட்டும் நம்ப முடியாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த வாசிப்புகள் மாறாமல் இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். மாதிரியை இரண்டு குவளைகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கிவிட்டு அளவிடுங்கள். குமிழி கருவியை மேலே தூக்கிவிடும்.

இப்போது கணக்கு. முதல் வாசிப்பிலிருந்து இரண்டாவதைக் கழித்து 131.25ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, 1.7 கிலோ மோல்ட் பாகும் 1 கிலோ சீனியும் சேர்த்து 23 லீற்றராக்கிய சாறு 1.039 காட்டி, முடிவில் 1.008க்கு இறங்கியது என்று வைப்போம். வித்தியாசம் 0.031, விடை ஏறத்தாழ 4.1%. லீற்றருக்கு 6 கிராம் சீனி சேர்த்துப் போத்தலில் அடைத்தால் இன்னும் 0.4% வரை கூடும். ஸ்டவுட் போன்ற கடும் பியருக்கு இந்தச் சூத்திரம் சற்றுக் குறைத்தே காட்டும்.

முதல் வாசிப்பைத் தவறவிட்டவர் சேர்த்த சீனி, மோல்ட், நீர் ஆகியவற்றின் அளவைக்கொண்டு அதை மதிப்பிடலாம். சீனி கிலோவுக்கு 384, மோல்ட் பாகு ஏறத்தாழ 300 என்று பெருக்கிக் கூட்டி, மொத்த லீற்றரால் வகுத்தால் மேலே சொன்ன சாற்றுக்கு 39, அதாவது 1.039, கிடைக்கும். ஆனாலும் அது மதிப்பீடுதான்; போத்தலில் எண்ணை எழுதும்போது பக்கத்தில் ‘சுமார்’ என்றும் சேர்த்து எழுதுங்கள்.