ஸ்லைடரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், தம்பி!

புது கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னு அப்பாகிட்ட நீ போட்ட மனு தள்ளுபடி ஆயிடுச்சாமே! போகட்டும். உன்கிட்ட இருக்கிற ஆர்டிஎக்ஸ் 3060-லயே கொஞ்சம் வேகம் கூட்டிக்கலாம். அதுக்குப் பேர்தான் ஓவர்கிளாக்.

நான் முதல் தடவை பண்ணப்போ ஓவர்கிளாக் சாஃப்ட்வேர்ல இருந்த மூணு ஸ்லைடரையும் ஒரே மூச்சுல வலது பக்கம் தள்ளினேன். போதாக்குறைக்கு, விண்டோஸ் திறக்கும்போதே இது அமலாகட்டும்னு வேற அமுக்கி வெச்சேன். அப்புறம் என்ன? கம்ப்யூட்டர் ஆன் ஆகும், லோகோ வரும், திரை கறுப்பாயிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு சேஃப் மோடுல போய் சாஃப்ட்வேரையே நீக்கின பிறகுதான் உயிர் வந்துச்சு. அந்தக் கூத்து உனக்கு வேண்டாம். நான் சொல்ற வரிசையில செய்.

1. ஆசையை அளந்துக்கோ

இதுல கிடைக்கிறது பெரும்பாலும் 5-லேர்ந்து 10 சதவீதம்தான். 60 எஃப்பிஎஸ் ஓடுற கேம் 63, 66 ஆகலாம், 90 ஆகாது. முதல்ல கேம் ஓடும்போது ஜிபியு யூசேஜ் எவ்வளவுன்னு பாரு. 95 சதவீதத்துக்கு மேல நின்னா கார்டுதான் மூச்சு வாங்குது. 60, 70-ல நின்னா தடை வேற எங்கேயோ இருக்கு, அனேகமா ப்ராசஸர்ல. அப்போ கார்டை முடுக்கிப் பிரயோஜனமே இல்ல.

2. தூசியைத் தட்டு

கார்டு சூடாக ஆக, தன் வேகத்தைத் தானே படிப்படியா குறைச்சுக்கும். நம்ம ஊர் மே மாசத்துல, ஏசி இல்லாத ரூம்ல கேக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட்டைத் திறந்து, ப்ளோயரால ஊது. ஊதும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோ. சுவரை ஒட்டி இருக்கிற கேபினெட்டைக் கொஞ்சம் தள்ளி வை. இதுக்கே சில எஃப்பிஎஸ் திரும்பி வந்துடும், காசு செலவில்லாம.

3. எஸ்எம்பிஎஸ் யாருன்னு பாரு

எஸ்எம்பிஎஸ்ங்கிறது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. 3060 மட்டும் 170 வாட் இழுக்கும். மொத்த சிஸ்டத்துக்கு 550 வாட் வேணும்னு என்விடியாவே சொல்லுது. கேபினெட்டோட இலவசமா வந்த, பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் இருந்தா இந்த டிப்ஸை இங்கேயே மூடி வை. முதல்ல அதை மாத்து.

4. சாஃப்ட்வேரை சரியான இடத்துல எடு

ஓவர்கிளாக் பண்ண எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும், இலவசம். எந்த கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். ஆனா எம்எஸ்ஐ-யோட சொந்த வெப்சைட்லேர்ந்து மட்டும் இறக்கு. இதே பேர்ல போலி தளம் வைரஸ் கொடுக்குதுன்னு 2021-ல அந்தக் கம்பெனியே எச்சரிச்சுது.

5. முதல்ல ஃபேன், பவர் லிமிட்

வேகத்தைத் தொடாம, பவர் லிமிட்டை மட்டும் அது விடுற அளவுக்கு ஏத்து. ஃபேன் கொஞ்சம் முன்னாடியே வேகமா சுத்துற மாதிரி வை. சத்தம் வரும், பொறுத்துக்கோ. இந்தக் கார்டுக்கு உச்ச வரம்பு 93 டிகிரி. நீ 80-க்குள்ள நிறுத்தப் பாரு.

6. கோர் கிளாக்: உப்பு போடுற மாதிரி

ஒரு தடவைக்கு 15 மெகாஹெர்ட்ஸ். ஏத்து, ஹெவன் பெஞ்ச்மார்க்ங்கிற சோதனை சாஃப்ட்வேரைப் பத்து நிமிஷம் ஓட்டு, மறுபடி ஏத்து. திரையில புள்ளி, கோடு, கலர் சிதறல் வந்தாலோ கேம் தானா மூடிக்கிட்டாலோ, 30 இறங்கி வந்துடு. குழம்புல உப்பு கூடினா எடுக்க முடியாது. இதுல ரீசெட் பட்டன் இருக்கு. அதனால பயப்படாதே, அவசரமும் படாதே.

7. மெமரி ஏமாத்தும்

கோரை முடிச்ச பிறகுதான் மெமரி. 50, 50-ஆ ஏத்து. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. சில மெமரி தப்பு வந்தா கிராஷ் ஆகாம, அதே தகவலைத் திரும்ப அனுப்பிச் சரிக்கட்டும். எண் ஏறும், எஃப்பிஎஸ் இறங்கும். அதனால ஒவ்வொரு படியிலயும் பெஞ்ச்மார்க் ஸ்கோரை நோட்டுல எழுது. ஸ்கோர் எங்கே இறங்க ஆரம்பிக்குதோ, அதுக்கு ரெண்டு படி முன்னாடி நில்லு.

8. வோல்டேஜை ஏத்தாதே

கார்டோட ஆயுசைக் குறைக்கிறது கூடுதல் வோல்டேஜும் சூடும்தான். உனக்கு இன்னும் தைரியம் வந்தா எதிர்த்திசையில போ: அதே வேகம், குறைஞ்ச வோல்டேஜ். இதை அண்டர்வோல்ட்னு சொல்வாங்க. சூடு குறையும், ஃபேன் அடங்கும், வேகம் நிலையா நிக்கும். நம்ம வெயிலுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். லேப்டாப் வெச்சிருக்கிற உன் ஃப்ரெண்டுக்கும் இதையே சொல்லு. அங்கே ஓவர்கிளாக் பண்ண இடம் ரொம்பக் கம்மி.

9. கேம்தான் கடைசிப் பரீட்சை

பெஞ்ச்மார்க்ல பாஸாகி, கேம்ல ஒரு மணி நேரம் கழிச்சு ஃபெயிலாகிறது சகஜம். நீ தினம் ஆடுற கேமை ரெண்டு, மூணு நாள் ஆடிப் பாரு. ஒரு தடவைகூட மூடிக்கலைன்னாதான் அந்த செட்டிங் உன்னோடது. வாரன்டி அட்டையையும் படிச்சு வை; ஓவர்கிளாக்கால வந்த பழுதை ஏத்துக்கிறாங்களான்னு தெரிஞ்சுக்கோ.

பக்கத்து வீட்டுப் பையன் 150 ஏத்தினான், நான் ஏன் 90-ல நிக்கணும்னு கேக்காதே. ஒரே மாடல்ல ரெண்டு கார்டு வாங்கினாலும் ரெண்டு சிப்பும் ஒரே மாதிரி இருக்காது. உன் கார்டு எதுல நிம்மதியா ஓடுதோ, அதுதான் உன் எண்.

அந்த மூணு நாள் முடியுற வரைக்கும், விண்டோஸ் திறக்கும்போதே செட்டிங்கை அமலாக்குற ஸ்டார்ட்அப் பட்டனைத் தொடாதே. மீறித் தொட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு சேஃப் மோடு எங்கே இருக்குன்னு கேட்டு எனக்கு போன் பண்ணக் கூடாது.