வேப்பெண்ணெய்க்கு முன்னால் வாளியைக் கவிழுங்கள்

புதுக்குடித்தனம் வந்திருக்கும் பிள்ளைகளே, கொசுவுக்குக் கைவைத்தியம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

1. எந்த நேரத்தில் கடிக்கிறது என்று முதலில் பாருங்கள். காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் கணுக்காலைத் தேடி வருவது ஏடிஸ். உடம்பில் வெள்ளை வரி இருக்கும். டெங்குவைப் பரப்புவது அதுதான். இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ். ஆகவே கொசுவை விரட்டப் பூசுவதைப் பகலிலும் பூசுங்கள்.

2. வேப்பெண்ணெயை அப்படியே தடவாதீர்கள், தோல் எரியும். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 மில்லி போதும். 1990-களில் மலேரியா ஆராய்ச்சி மையத்தார் சோதித்த அளவு அது. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸை நன்றாகவே தடுத்தது. ஏடிஸிடம் அவ்வளவு பலிக்கவில்லை. வியர்த்தால் மறுபடி தடவ வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டாம், கொசுவலைதான்.

3. கொசுவுக்கென்று வைக்கும் கற்பூரத்தைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் வலிப்பு வரும். எண்ணெயில் கரைத்துப் பச்சைக் குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் தடவும் பழக்கத்தை, யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

4. நொச்சி, வேப்பிலைப் புகை கொசுவை விரட்டும். ஆனால் புகை புகைதான். இழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் போடவே கூடாது. மற்றவர்களும் போட்டுவிட்டு வெளியே இருங்கள், பிறகு சன்னலைத் திறந்துவிடுங்கள். நொச்சியை வாசலில் நட்டால் மட்டும் கொசு ஓடாது, இலையைக் கசக்கினால்தான் வாசமே எழும்.

5. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பதும் பூண்டு தின்பதும் நம்பத்தக்கவை அல்ல.

6. மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை.

7. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் குடம், வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மொட்டைமாடித் தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள். கவிழ்க்க முடியாத, புழங்காத தண்ணீரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் மேலே படரும். மூச்சுவிட வரும் புழு செத்துவிடும்.

8. காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.