கல்குவாரி பார்ப்பவர் அறிய வேண்டியவை

தாம்பரம்

அன்புள்ள பேரனுக்கு,

தாம்பரத்தைச் சுற்றிலும் பெரிய இயற்கைக் குகைகள் இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துத்தான் நீண்ட குகைகள் பெரும்பாலும் உருவாகின்றன. மேகாலயத்துக் குகைகளில் பெரும்பாலானவையும் ஆந்திரத்தின் பெலும், போரா குகைகளும் அப்படி உருவானவை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளோ சார்னகைட் என்னும் கருங்கல்லால் ஆனவை. அது தண்ணீரில் அப்படிக் கரையாது. இப்பகுதியில் பாறைக்குள் இறங்கும் இடங்கள் எல்லாம் மனிதர் வெட்டியவை. அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட கல்குவாரிகள். சட்டப்படி திறந்தவெளியில் கல் எடுக்கும் இடமும் சுரங்கமே. ஆகவே பாழடைந்த சுரங்கம் பார்க்க விரும்புவோருக்குத் தென்சென்னைப் புறநகரில் கிடைப்பது இந்தக் குவாரிகள்தாம்.

இந்தப் பாறையின் வரலாறு பெரியது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால், 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையில் உள்ள பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. புதிதாக உடைந்த முகத்தில் இக்கல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பாகிவிடும். குவாரிச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் நேரான அரைவட்டப் பள்ளங்கள், வெடிமருந்து வைக்கத் துளை போட்ட தடங்கள். எந்தத் திசையில் துளை போட்டார்கள் என்பதை அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பல்லாவரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆய்வாளர் அங்கே சரளை எடுத்த பள்ளம் ஒன்றில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அது உள்ளூர்ச் சார்னகைட் அல்ல, குவார்ட்சைட். ஃபூட் திரட்டிய கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் பின்னர் வாங்கியது. குவாரிக்குப் போகுமுன் எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது; கற்கருவி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் வரும். பல்லாவரத்தில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரையும் இருக்கிறது. இன்று அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு, காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும்.

குவாரிகள் கைவிடப்பட்ட பிறகு வேறொரு ஆபத்து தொடங்குகிறது. வேலை நடக்கும்வரை மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். வேலை நின்றதும் ஊற்றுநீரும் மழைநீரும் சேர்ந்து பள்ளத்தை நிரப்பிவிடும். மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் குவாரிகளில் இப்படித் தேங்கிய தண்ணீரை 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். ஒரு மாநகரத்தின் தாகத்துக்கு உதவும் அளவுக்கு அவற்றில் தண்ணீர் நிற்கிறது என்றால், ஆழத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஏரிக்குக் கரை சரிந்து இறங்கும். கிணற்றுக்குப் படி இருக்கும். குவாரிக்கு இரண்டும் இல்லை. ஓரத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் அடுத்தது பல ஆள் ஆழமாக இருக்கலாம். தண்ணீரின் மேற்பரப்பு வெயிலில் சூடாக இருக்கும். கீழே சட்டென்று குளிரும். அந்தக் குளிரில் மூச்சு திணறி, கைகால் இழுத்துக்கொள்ளலாம். சுவரில் பாசி படிந்திருப்பதால் பிடித்து ஏறவும் வழியில்லை. நீச்சல் தெரிந்த இளைஞர்களும் குவாரிகளில் உயிரிழப்பதற்கு இவையே காரணம். மேலே விளிம்பிலும் பாதுகாப்பு இல்லை. வெடி வைத்த அதிர்வில் விரிசல் விட்ட கற்கள் அங்கே பிடிப்பில்லாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விரிசலுக்குள் நீர் இறங்கி அவை சரியும். துளைகளுக்குள் வெடிக்காமல் தங்கிய மருந்தும் இருக்கலாம். கம்பியோ திரியோ தெரிந்தால் தொடாமல் விலகிப் போலீஸுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே சில விதிகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில் போய், இருட்டுமுன் திரும்ப வேண்டும். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நிற்க வேண்டும். செல்ஃபிக்காகப் பின்னால் நகரக் கூடாது. வேலியையும் எச்சரிக்கைப் பலகையையும் தாண்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், கயிறோ வேட்டியோ துப்பட்டாவோ வீச வேண்டும். 112 அல்லது தீயணைப்பு நிலையத்தின் 101 எண்ணை அழைக்க வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரும் மூழ்குவதால்தான் ஒரே இடத்தில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன.

நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அங்கே கைவிடப்பட்ட குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. அவை நவம்பர் முதல் ஏப்ரல் வரை குஞ்சு பொரிக்கும் காலத்தில் பாறையருகே போனால் கூட்டை விட்டுப் பறந்துவிடும். முட்டை வெயிலில் கெடும். தொலைநோக்கியால் எட்ட நின்று பார்ப்பதே முறை.

உண்மையான குகைக்குள் இறங்கும் ஆசை இருந்தால், அதற்குப் பயிற்சி பெற்ற குழுவோடு மேகாலயம் போகலாம். ஆந்திரத்தின் பெலும் குகையில் வெளிச்சமும் பாதையும் அமைத்து அரசே சுற்றிக் காட்டுகிறது. கோலார் தங்கவயல்போல் மூடப்பட்ட நிலத்தடிச் சுரங்கங்களில் மட்டும் நுழையவே கூடாது. 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. இத்தகைய இடங்களில் காற்றோட்டம் நின்று பிராணவாயு குறைந்திருக்கும்; மூச்சுத்திணறலை உணருமுன்பே நினைவு தப்பிவிடும்.

தென்சென்னைக் குவாரிகளில் அறிய வேண்டிய அனைத்தும், பாறையும் துளைத்தடமும் பறவையும், எட்ட நின்றாலே தெரிகின்றன. தண்ணீருக்குள் இறங்கிப் புதிதாக அறிய எதுவுமில்லை. எட்டவே நின்றுகொள்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

அன்புடன்,
தாத்தா